ஏழாம் எண் கல்

சத்திரம் பளபளவென்று இருந்தது. பார்த்ததும் ஃபாத்திமா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே வந்திருந்தாள். நாலு மணிக்குக் கனகலட்சுமி மேடம் வருகிறார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற சென்னை அறக்கட்டளை ஒன்றின் ஆள். சத்திரத்துப் பட்டியலில் உள்ள பதினான்கு பொருட்களையும் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால், நாளைக் காலையில் கலெக்டர் ஆபீசுக்குக் கடிதம் போகும். போகாவிட்டால் புதன்கிழமை சத்திரத்தை இடிக்கப் பொக்லைன் வரும். சாலையை அகலப்படுத்துகிறவர்கள் சத்திரத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் தங்குவதற்கு யாரோ, எப்போதோ கட்டியது. யார், எப்போது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதைக் காப்பாற்றுவதற்காக, அதுவரை ஒன்றாக உட்கார்ந்தே இராத இரண்டு சங்கங்கள் உட்கார்ந்தன. ஒன்று, மேட்டுத் தெருவின் வேலவன் நற்பணி மன்றம். மற்றது, மாதா கோயில் தெருவின் அந்தோணியார் இளைஞர் இயக்கம்.

இயக்கத்தின் செயலாளர் ஃபாத்திமா. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. பட்டியலைத் தட்டச்சு செய்தது அவள்தான். 'மேற்கண்டவை இருக்கும் இடத்திலேயே இருக்கும் என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே இருப்பதும் அவள் கையெழுத்துதான்.

இப்போது தரை முழுக்க மஞ்சள் கோடு. நடக்கும் வழிக்கு ஒரு கோடு, செருப்பு விடும் இடத்துக்கு ஒரு கட்டம். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் துடைப்பம். ஆணிக்கு மேலே ஒரு சீட்டு: 'துடைப்பம்'.

"இன்னா பாத்திமா, சத்திரமா இது? கம்பெனி மாறி கீது."

படியில் உட்கார்ந்திருந்தவன் பரசுராமன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், மன்றத்தின் தலைவன்.

"யாருண்ணே பண்ணது?"

"உன் தம்பிதான். போன வாரம் நாங்க அல்லாரும் கிருத்திகைக்குத் தண்ணிப் பந்தல்ல நின்னுகினு இருந்தோம். அந்த நேரம் பாத்து பண்ணிக்கிறான்."

ஃபாத்திமா பட்டியலை எடுத்தாள். ஒன்று, விளக்கு மாடம். இருந்தது. இரண்டு, மரக்கதவு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஏழு. எழுத்துள்ள பலகைக் கல். நீளம் நாலரை அடி. சத்திரத்துக்கு முன்னால் குப்புற விழுந்து கிடக்கிறது.

கல் கிடந்த இடத்தில் ஒரு மஞ்சள் கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் 'வாளி' என்று எழுதி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி.

கனகலட்சுமி மேடம் போன முறை அந்தக் கல்லின் பக்கத்தில் மண்டியிட்டு, விளிம்பில் தெரிந்த நாலைந்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மத்ததெல்லாம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. வருஷம் இதுலதான் இருக்கணும். அடுத்த தடவை ஆள் வெச்சுப் புரட்டிப் படிக்கலாம். நூறு வருஷம் ஆகியிருக்கணும்மா. ஆகலைன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அதுவரைக்கும் யாரும் எதையும் நகர்த்தக் கூடாது."

பரசுராமனும் எழுந்து வந்து வாளியைப் பார்த்தான். 

"எங்க கல்ல தூக்கினு பூட்டீங்க."

"அண்ணே, நானே இப்பத்தான்..."

"நாலு மணிக்குக் கல்லு இங்க இல்லன்னா, பட்டியல்ல எங்க மன்றத்துக்காகப் போட்ட கையெழுத்த நானே அடிச்சிடுவேன். அப்புறம் எங்க தெருப் பசங்களுக்கு நா பதில் சொல்ல முடியாது. மூட்டக்காரன் வூட்டுப் பொண்ண நம்பி வந்தேன் பாரு, என்னத்தான் சொல்லணும்."

மூட்டைக்காரன் வீடு. ஊர் அவர்கள் குடும்பத்துக்கு வைத்த பெயர். ஏன் அந்தப் பெயர் என்று தெரியாமலே அவள் அப்பா யேசுராஜ் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவன் டூட்டில இருக்கான். கம்பெனி வரைக்கும் போவணும்," என்றாள் ஃபாத்திமா.

பரசுராமன் சாவியை எடுத்தான். "ஏறு. நானும் கேக்கணும் அவன."

*

கம்பெனி கேட்டில் சீட்டு எழுதிக் கொடுத்து, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்கள். ஞாயிறானாலும் ஓவர்டைம் வேலை ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் தம்பி ஃபிரடி வெளியே வந்தான். காதில் மாட்டும் அடைப்பான் கழுத்தில் தொங்கியது.

"இன்னாக்கா? வூட்ல எதுனா ஆச்சா?"

"சத்திரத்துல கல்லு எங்கடா?"

"எந்தக் கல்லு?"

"வாளி வச்சிருக்கியே, அங்க இருந்தது."

"அதுவா." அவன் பரசுராமனைப் பார்த்தான். "நீதானேக்கா சொன்ன, மேடம் வர்றாங்க, சத்திரம் சுத்தமா இருக்கணும்னு."

"சுத்தம்னா கூட்டிப் பெருக்கறதுடா."

"கம்பெனில சுத்தம்னா வேற. மொதல்ல வேணும், வேணாம்னு பிரிக்கணும். ஒரு மாசமா யாரும் தொடாதது எதுவோ அதுக்கு ரெட் டேக், செவப்புச் சீட்டு. ரெட் டேக் வுழுந்தா அது லைன்லயே இருக்கக் கூடாது."

"நூறு வருஷமா யாரும் தொடாதது அது."

"அதான்க்கா ரெட் டேக் போட்டேன்."

பரசுராமன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காக உடனே கோபப்பட்டான். "எங்கடா போட்ட? ஸ்கிராப்லயா?"

 ஃபிரடி பூட்ஸ் முனையால் தரையைத் தேய்த்தான்.

"வூட்ல கீது," என்றான்.

"எந்த வூட்ல?"

"நம்ம வூட்லதான். பின்னால. நேத்துகூட நீ அதுலதான் பொடவ தொவச்ச."

 போன ஞாயிறு மாலை கொல்லையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் புதிதாக ஒரு துவைக்கும் கல் இருந்தது. தம்பி வாங்கி வந்திருக்கிறான் என்று ஃபாத்திமா நினைத்தாள். நல்ல கல், வழுவழுப்பாக இருக்கிறது என்று பாராட்டியும் இருந்தாள்.

"பிரியாவுக்கு ஏழு மாசம்க்கா. குனிஞ்சி தொவைக்கறா. முதுகு வலிக்குதுன்னு அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா. ஹாஸ்டல் பசங்க நாலு பேர வச்சி, பைப்ப அடில குடுத்து உருட்டினு வந்தேன். இடுப்பு உசரம் வச்சிக் குடுத்தேன்." குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்குத் தெரியாது. ரோட்டோரம் கிடந்ததுன்னு சொல்லி வச்சிக்கிறேன்."

அம்மாவுக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது. பென்னலூர்ப் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் நாங்குநேரிப் பெண் சுகப்பிரியாவை மகன் ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அறை கொடுத்தவர் காலி செய்யச் சொன்னார். போன மாதம் ஃபிரடி அவளை வீட்டுக்கு அழைத்து வந்தான். அம்மா கதவைத் திறந்தாள். தட்டில் சோறும் போடுகிறாள். இன்றுவரை மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஹாஃப் டே போட்டுட்டு மூணு மணிக்குள்ள வா," என்றாள் ஃபாத்திமா. "கல்லு திரும்பிப் போவணும்."

*

கொல்லையில் சுகப்பிரியா துவைத்துக்கொண்டிருந்தாள். ஃபிரடியின் யூனிபார்ம். நிமிர்ந்து நின்று, அவசரம் இல்லாமல், கும்மிக் கும்மி எடுத்தாள்.

"மைனி, வந்துட்டியளா. சாப்பிடலையே நீங்க."

"பிரியா, இந்தக் கல்லு சத்திரத்தோடது. இன்னைக்குக் கொண்டுபோய் வைக்கணும்."

சுகப்பிரியா துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். "தெரியும்," என்றாள்.

"தெரியுமா? அவன் சொன்னானா?"

"அவிய ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு சோப்பு கீழ விழுந்துட்டு. எடுக்கக் கைய விட்டேன். அடியில எழுத்து தட்டுப்பட்டு. சத்திரத்து வாசல்ல ரெண்டு கல்லு நிக்கில்லா, பஸ்ஸுல வரும்போது பாத்திருக்கேன். அதுக்கு மேலருந்து விழுந்து கிடந்த கல்லுதான் இது."

"அது மாடு கட்டுற கல்லு." எட்டாம் எண், ஒன்பதாம் எண். மாடு கட்டும் கல் என்றுதான் அவள் தட்டச்சு செய்திருந்தாள்.

"மாடு கட்டவா?" சுகப்பிரியா லேசாகச் சிரித்தாள். "அது சுமைதாங்கி மைனி. எங்கூர்ப் பக்கம் ரோட்டு ஓரமா நிறைய கிடக்கும். தலச்சுமையோட நடந்து போறவிய, வேற ஆள் துணை இல்லாம அதுமேல இறக்கி வைப்பாவ. இளைப்பாறிட்டுத் திரும்பவும் தலைக்கு ஏத்திக்கிடுவாவ."

"யார் வைப்பாங்க அத?"

 சுகப்பிரியா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பேறுகாலத்துக்கு முந்தியே, வயித்துல பிள்ளையோட ஒருத்தி செத்துப்போனான்னா, அவ பேர்ல வைப்பாவ. அவ இறக்கி வைக்காத சுமை அது. மத்தவிய அதுமேல சுமைய இறக்க இறக்க, அவளுக்கும் இறங்கும்பாவ."

வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பரசுராமன் ஓரடி பின்னால் போனான்.

சமையலறைக் கதவு திறந்தது. அம்மா நின்றாள். கையில் அகப்பை.

"எத்தினி நாளா தெரியும் ஒனக்கு?"

ஃபாத்திமா திரும்பினாள். கேள்வி தனக்கு என்று நினைத்தாள். இல்லை. அம்மா சுகப்பிரியாவைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

"எட்டு நாளா, அத்த."

"தெரிஞ்சுமா அதுல தொவச்சிகினு இருந்த?"

"ஆமா."

"வயித்துல புள்ளைய வச்சிகினு. பயமில்ல?"

"சுமைய இறக்குததுக்குத்தான அத்த வச்சிருக்காவ. எனக்கும் இதுல நின்னு துவைக்கத் தொடங்கினதுல இருந்து முதுகு வலி இல்ல. நான் எதுக்குப் பயப்பட?"

அம்மா அகப்பையை வாசல்படியில் வைத்தாள். கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். இப்போது கத்தப் போகிறாள் என்று ஃபாத்திமா காத்திருந்தாள்.

"கல்லு எங்கயும் போவாது," என்றாள் அம்மா.

"அம்மா, நாலு மணிக்கு மேடம்..."

"எறக்கின சுமைய நடுவுல தட்டி வுடக் கூடாது. இவ பெத்துப் பொழச்சி எழுந்துக்கட்டும். அப்புறம் தூக்கினு போங்க."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குமா. புதன்கிழம பொக்லைன் வருது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உன் கையெழுத்து பெரிசா, வயித்துப் புள்ள பெரிசா? சொல்லு."

ஃபாத்திமா பரசுராமனைப் பார்த்தாள். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். "கல்லு வேணும்னு சொன்னவன் நான்தான். ஆனா இப்ப நா கைய வைக்க மாட்டேம்மா. உங்கம்மா சொல்றது நியாயம்."

*

நாலு மணிக்கு வெள்ளை அம்பாசடர் சத்திரத்து வாசலில் நின்றது. கனகலட்சுமி மேடம் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்தப் பெயிண்ட்டை எடுக்கவே ஆறு மாசம் ஆகும்."

"மேடம், ஏழாம் எண் இங்க இல்ல." ஃபாத்திமா பட்டியலை நீட்டினாள். வரும் வழியெல்லாம் யோசித்திருந்த பொய்கள் எதுவும் இப்போது ஞாபகத்தில் இல்லை. "எங்க வீட்டுல இருக்கு. என் தம்பி எடுத்துட்டுப் போனான். சுத்தமா இருக்கணும்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். இடத்தை மாத்திப் பேனாவால எழுதியிருக்கேன்."

மேடம் வாசித்தார். 'இருக்குமிடம்: யேசுராஜ் வீட்டுக் கொல்லை. தற்போது பயன்பாட்டில் உள்ளது.' எட்டு, ஒன்பதுக்கு எதிரே 'மாடு கட்டும் கல்' என்பது அடிக்கப்பட்டு, 'சுமைதாங்கியின் கால்கள்' என்று இருந்தது.

"இதை யார் சொன்னது?"

"தம்பி பொண்டாட்டி."

"முதல்ல அந்தப் பொண்ணைப் பார்க்கலாம்," என்றார் மேடம்.

கொல்லையில் அம்மா கல்லுக்குக் காவல் நிற்பதுபோல நின்றாள். புரட்டக் கூடாது. நகர்த்தக் கூடாது. மேடம் வாதாடவில்லை. "முகம் பாக்கிற கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார்.

சுகப்பிரியா கொண்டுவந்தாள். மேடம் ஈர மண்ணில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கல்லுக்கு அடியில் நீட்டிச் சாய்த்தார். வெயில் கண்ணாடியில் பட்டுக் கல்லின் வயிற்றில் விழுந்தது. எழுத்துகள் தலைகீழாக, இடம் வலமாக வந்தன. அவர் மெல்லப் படித்தார். ஃபாத்திமா எழுதினாள்.

கீலக வருஷம் ஆவணி மாதம். பெரியநாயகம் சூலோடே தவறினபடியினாலே. வைத்த சத்திரமும் சுமைதாங்கியும்.

"பெரியநாயகம் எங்க பேரு," என்றான் பரசுராமன் வேலிக்கு வெளியிலிருந்து. "அம்மன் பேரு."

"மாதா பேரும் அதான்," என்றாள் அம்மா.

"ரெண்டு தெருவுலயும் அந்தப் பேர் உண்டு, விடுங்க," என்றார் மேடம். அவர் முகம் தெளியவில்லை. "கீலக வருஷம்னா போதாதும்மா. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அது வரும். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தெட்டுலயும் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுலயும் வந்தது. முன்னதுன்னா நூத்தைம்பத்தேழு வருஷம். பின்னதுன்னா தொண்ணூத்தேழு."

மூன்று வருஷம் குறையும். மூன்று வருஷத்துக்காகப் பொக்லைன்.

"கீழ இங்கிலீஷ் வருஷமும் வெட்டியிருக்கு. முதல் எண்ணோட ஓரம் மட்டும் தெரியுது. மத்தது செங்கல்லுக்குள்ள போயிடுச்சு. இந்த ஓரத்தை ரெண்டு விரக்கடை தூக்கி ஒரு செங்கல்லை எடுத்தா படிச்சிடலாம்."

 ஃபிரடி யூனிபார்மோடு வந்து நின்றிருந்தான். அவன் அம்மாவைப் பார்த்தான். ஃபாத்திமா அம்மாவைப் பார்க்கவில்லை. பட்டியலையே பார்த்தாள். 

"நான் அந்தாண்ட நிக்கேன் அத்த," என்றாள் சுகப்பிரியா. "தூக்கிக்கிடட்டும். ஒண்ணும் ஆகாது."

"நீ சும்மா இரு."

அம்மா கல்லைப் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்ரீபெரும்புதூருக்கு வெறகு தூக்கினு போய் வித்தவ நானு. வழில எறக்கி வைக்க எடம் கெடைக்கலன்னா இன்னா பண்ணுவோம் தெரியுமா? கூட வர்றவ கை குடுப்பா. மூச்சு வாங்கற வரைக்கும் அவ புடிச்சிக்குவா." சுகப்பிரியாவின் முன்னால் வந்து நின்றாள். குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் மருமகளின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். "வுட்டுடு. பாரத்த என் மேல வுடு. ம், அப்டித்தான்."

சுகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய் பிரடி, கடப்பாரைய எடு. நா புடிச்சிக்கினேன். நீங்க தூக்குங்க."

கடப்பாரையைக் கொடுத்து ஃபிரடி அழுத்தினான். கல் அசையவில்லை. வேலிப் படல் சரிந்தது. பரசுராமன் உள்ளே வந்து, கடப்பாரையின் மறுபாதியைப் பிடித்தான். கல் ஒரு விரல் எழும்பியது. இரண்டு விரல். ஃபாத்திமா செங்கல்லை உருவினாள். மேடம் கண்ணாடியைச் செருகினார்.

"தமிழ் எண்ணுல இருக்கு. கண்ணாடியில பின்னாலேர்ந்து வருது. எட்டு."

எட்டு இரண்டிலும் உண்டு.

"அடுத்தது பாசி பிடிச்சிருக்கு. சுழியா, என்னன்னு தெரியல. பொறுங்க." மேடம் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"மேடம், கை எரியுது," என்றான் பரசுராமன்.

"ச மாதிரி வளைஞ்சு வருது. நாலு. நாலேதான். அதுக்கு முன்னால எட்டு."

ஃபாத்திமா எழுதினாள். ௧௮௪௮. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு. நூறு தாண்டிவிட்டது.

"இன்னொரு வரி இருக்கு. வெச்சவங்க பேருபோல. மூட்... மூட்டைக்கார..."

பரசுராமன் ஃபாத்திமாவைத் திரும்பிப் பார்த்தான். கடப்பாரை அவன் பிடியில் வழுக்கியது. ஃபிரடி உருவிய செங்கல்லைத் திரும்ப உள்ளே தள்ளினான். கல் பழைய இடத்தில் உட்கார்ந்தது. எழுத்து அடியில் போய்விட்டது.

"திரும்பத் தூக்க முடியுமா?" என்றார் மேடம்.

பரசுராமன் உள்ளங்கையைப் பார்த்தான். தோல் உரிந்திருந்தது. "மூட்டக்காரன் வூடு," என்றான் மெதுவாக. "எங்க தெருப் பொண்ணுக்கு உங்க வூட்டு ஆளு ஏன் கல்லு வைக்கணும்?"

 அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் யாரும் அங்கே இல்லை.

சுகப்பிரியா கண்ணைத் திறந்தாள். "அத்த, கல்ல இறக்கிட்டாவ."

"தெரியுது," என்றாள் அம்மா. கையை எடுக்கவில்லை.